மண்ணின் மருத்துவர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர்

உலகத்துப் பொருள்களுள் மக்கள் மிகுதியாகப் பயன்கொண்டும் மிகக் குறைவாக மதிப்பது மண்ணே ஆகும். உண்ணும் உணவும் உடுக்கும் உடையும் அதனின்றே தோன்றுகின்றன. ஆயினும் காலால் மிதிக்கப்படுவது என்ற காரணத்தால் போலும், அதன் இயல்பை ஆராய்ந்தறிய விரும்புவோர் சிலரே. அச்சிலருள் ஒருவராய், அடிமைக் குடிசையிற் பிறந்து, பெற்றோர் முகமறியாது வளர்ந்து, பின்னர் ஒரு நாடே போற்றும் பேராசிரியராய் விளங்கிய ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் என்பாரின் சரித்திரத்தை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம். நிலக்கடலையினின்று பற்பல பண்டங்களைச் செய்துகாட்டியவர் என்றே அவரைப் பலரும் அறிவர். அவருடைய வாழ்நாளை ஊன்றி நோக்குவார்க்கோ, கடலை அவர் கையாண்ட மருந்துகளுள் ஒன்றே என்பதும், அவர் மருத்துவம் புரிந்த நோயாளி மண்ணே என்பதும் புலனாகும். அம்மண்ணோடு பிணைக்கப்பட்டு அதனோடு சேர்ந்து நலிந்த ஏழைமக்களும் அவர்தம் நோயாளிகளே ஆவர்.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் மிசூரி மாகாணத்தில், டயமண்ட் என்னும் சிற்றூரின் அருகே, மோசஸ் கார்வர் என்ற வெள்ளையருக்கு உரிய பண்ணை ஒன்று இருந்தது. அங்கே மேரி என்னும் அடிமைப் பெண்ணுக்கு மகனாக ஜார்ஜ் பிறந்தார். அடிமைகளின் பிறந்தநாளைக் குறித்து வைப்பார் இலராதலின், அவர் பிறந்த வருஷம் உறுதியாகத் தெரியவில்லை. 1864-ஆம் ஆண்டளவில் எனக் கொள்வர். அயற்பண்ணையில் அடிமையாயிருந்த தந்தையார் விபத்து ஒன்றில் இறந்துபட்டார் என்பர். உள்நாட்டுப் போர் நிகழ்ந்துகொண்டிருந்த அக்காலத்தில் கொள்ளைக்கூட்டத்தார் ஓரிரவு பண்ணையுட் புகுந்து, தாயையும் கைக்குழந்தையாகிய ஜார்ஜையும் கவர்ந்து சென்றனர். பண்ணைத் தலைவர் ஆளனுப்பித் தேடுவித்தார். குழந்தை மாத்திரம் நோயால் நைந்த நிலையில் மீட்கப்பட்டது. அதற்கு ஈடாகக் குதிரை ஒன்று கொடுக்கப்பட்டதாகச் சொல்வர். தாயோ பின்னர் ஒருபோதும் காணப்பட்டிலர். ஒரு மனிதவுயிர் குதிரையொன்றுக்கு மாற்றாக எண்ணப்பட்ட காலம் அது என்பதை நாம் மறத்தலாகாது.

1865-ஆம் ஆண்டில் அடிமைமுறை ஒழிந்தது. ஜார்ஜையும் அவர் தமையன் ஜிம்மையும் மோசஸ் கார்வரும் அவர் மனைவியார் சூசனும் தம் வீட்டிலேயே வைத்து வளர்த்தனர். ஜார்ஜ் உடல் மெலிந்தவர். அடிக்கடி இருமலால் வருந்துபவர். ஆதலின் அவர் வயல்வேலைக்கு அனுப்பப்படாமல், சமையலும் தையலும் சலவையும் கற்று வீட்டுப்பணி புரிந்துவந்தார். ஓய்ந்த நேரமெல்லாம் அருகிலிருந்த காட்டிலே கழிந்தது. ஆங்குக் கண்ட பூஞ்செடிகளை வேரோடு பெயர்த்துக் கொணர்ந்து, பிறர் கண்டு நகையாதவாறு புதர்மறைவில் தமக்கென ஒரு சிறுதோட்டம் அமைத்தார். நிழலில் வளர்ந்ததை நிழலிலும், ஈரமண்ணில் நின்றதை ஈரமண்ணிலும் வைத்துப் பேணுதல் வேண்டும் என்பதை ஆசிரியர் எவரும் கற்பியாமல் அவர் கண்கள் கற்றன. வாடிய செடிகளைப் பிழைப்பிக்கும் திறத்தைக் கண்ட அயலார், அச்சிறுவரைச் செடிவைத்தியர் என அழைக்கலாயினர்.

கல்விமேல் அவர் கொண்ட வேட்கை அளவிறந்தது. ஆயினும் அவ்வூர்ப் பள்ளிக்கூடத்தில் கறுப்பினப் பிள்ளைகட்கு இடமில்லை. ஆகவே இளம்பருவத்திலேயே வீட்டை விட்டுப் பல கல் தொலைவிலுள்ள நியோஷோ என்னும் ஊரை அடைந்தார். ஆங்கு மரியா வாட்கின்ஸ் என்னும் அம்மையார் அவரைத் தம் மகன்போல் ஏற்று, வேலையும் உணவும் ஈந்து, பக்தி நெறியிலும் பயிற்றினார். அப்பள்ளி கற்பிக்கக்கூடியதைக் கற்று முடித்ததும் கான்சஸ் மாகாணத்துக்குச் சென்று, ஊர்தோறும் சமையலும் சலவையும் செய்து பொருளீட்டிப் படித்தார். 1879-ஆம் ஆண்டில் ஃபோர்ட் ஸ்காட் என்ற ஊரில், கறுப்பினத்தார் ஒருவரை ஒரு கும்பல் கொன்று எரித்த கொடுமையைக் கண்டு, அவ்வூரை விட்டு அகன்றார். பின்னொரு சமயம், விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டு வரவழைத்த ஒரு கலாசாலை, அவர் நேரில் வந்து நின்றபொழுது நிறம் நோக்கி வாயிலிலேயே திருப்பி அனுப்பியது.

மனமுடைந்த அவர் 1886-ஆம் ஆண்டில் கான்சஸின் மேற்குப்புறத்துப் புல்வெளியில் அரசினரிடம் நிலம் பெற்றுக் குடியேறினார். அங்கே மரமும் இல்லை, கல்லும் அரிது. புல்வேர்கள் பின்னிப் பிணைந்து கிடக்கும் மேல்மண்ணைக் கட்டிகளாக வெட்டியெடுத்து, அவற்றையே செங்கற்போல் அடுக்கி வீடு கட்டுதல் அந்நாட்டு வழக்கம். கார்வரும் தம் கையால் அத்தகைய மண்வீடு ஒன்று கட்டி, 17 ஏக்கர் நிலத்தைத் திருத்திப் பயிரிட்டார். அப்புல்வெளியின் மண் வளமுடையதேனும் மழை போதாமையால் விளைவு சிறுத்தது. வளமான மண்ணும் நீரின்றிப் பயன்படாது என்னும் பாடத்தை அவருக்கு அவ்வறண்ட வெளி புகட்டியது.

1890-ஆம் ஆண்டில் அயோவா மாகாணத்துச் சிம்ப்சன் கலாசாலை அவரை நிறம் நோக்காது ஏற்றுக்கொண்டது. ஆங்கு அவர் விரும்பிக் கற்றது சித்திரமும் இசையுமே. அவர் தீட்டும் செடிகொடிகளின் வடிவில் விளங்கிய நுண்மையைக் கண்ட எட்டா பட் என்னும் ஆசிரியை, சித்திரத்தால் ஜீவனம் நடத்துதல் அரிது எனக் கருதி, தம் தந்தையார் தோட்டக்கலைப் பேராசிரியராயிருந்த ஏம்ஸ் நகரத்து அயோவா விவசாயக் கலாசாலைக்குச் செல்லுமாறு தூண்டினார். 1891-ஆம் ஆண்டில் கார்வர் அக்கலாசாலையின் முதற் கறுப்பின மாணவராகச் சேர்ந்தார். 1894-இல் இளநிலைப் பட்டமும் 1896-இல் முதுநிலைப் பட்டமும் பெற்றார். பட்டம் பெற்றபின் அங்கேயே ஆசிரியராகவும் அமர்த்தப்பட்டார். லூயி பாம்மெல் என்னும் தாவர சாஸ்திரியாரிடம் பூஞ்சைகளைப் பற்றிய ஆராய்ச்சியில் தேர்ந்து, ஆசிரியர்தம் நன்மதிப்பைப் பெற்றார். அவர் தீட்டிய கற்றாழையினச் செடியின் ஓவியம் 1893-ஆம் ஆண்டில் சிக்காகோ உலகக் கண்காட்சியில் சிறப்புப் பெற்றது.

அயோவாவின் நிலம் உலகத்துச் சிறந்த நிலங்களுள் ஒன்று. பல்லாயிரம் ஆண்டுகளாக வளர்ந்து மடிந்த புல்லின் வேர்கள் மக்கி, அம்மண்ணைக் கறுத்துப் பொலபொலவென்று ஆக்கியிருந்தன. அம்மண்ணில் நின்று ஆராய்ச்சியிலே காலங்கழித்திருப்பின் அவர் பெரும்பேர் பெற்றிருத்தல் கூடும். ஆனால் 1896-ஆம் ஆண்டில் அலபாமா மாகாணத்து டஸ்கீகீ நகரிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. ஆங்கு விடுதலைபெற்ற கறுப்பின மக்களின் கல்விக்கென 1881-ஆம் ஆண்டில் ஒரு கலாசாலையைத் தொடங்கி நடத்திவந்த புக்கர் வாஷிங்டன், அதன் விவசாயப் பகுதிக்குத் தலைமை பூணுமாறு அவரை வேண்டினார். பொருளும் புகழும் உறுதி கூறப்படவில்லை. உழைப்பே உறுதி கூறப்பட்டது. தம் மக்களுக்குப் பயன்படுதற்கென்றே கடவுள் தமக்குக் கல்வி ஈந்தார் எனக் கருதிய கார்வர், அவ்வாண்டிலேயே அங்குச் சென்றார். பின்னர் உயிருள்ளவரை, அஃதாவது நாற்பத்தாறு ஆண்டுகளுக்கு மேலாக, அவ்விடத்தை விட்டு நீங்கினாரல்லர்.

டஸ்கீகீ அமைந்துள்ள மேக்கன் வட்டாரம் மண்ணின் வகைகளைக் கற்பார்க்கு ஒரு பாடப்புத்தகம் போன்றது. அதன் வடபாகத்தில் செங்களிமண் காணப்படும். இரும்பின் துருவே அதற்குச் செந்நிறம் ஊட்டுகின்றது. களிமண்ணின் துகள்கள் மிக நுண்ணியன. ஆதலின் அது நீரையும் உரச்சத்தையும் விடாது பிடித்துக்கொள்ளும். காற்றையோ எளிதில் உட்புக விடாது. ஈரத்தில் உழுதால் கட்டியாகும். உலர்ந்தபின் உழுதால் கல்லாகும். காலமறிந்து உழுது, மக்கிய தழை சேர்ப்பின் மக்காச்சோளமும் தானியங்களும் அதில் நன்கு விளையும். மேட்டுநிலங்களில் மணற்பாங்கான மண் பரந்துள்ளது. மணலின் துகள்கள் பெரியன, அவற்றினிடையே காற்று எளிதிற் புகும், வேர் தடையின்றி ஓடும், உழவும் எளிது. ஆனால் பெய்த நீர் நில்லாது இறங்கிப் போம். போகும்போது பயிரின் உணவையும் கரைத்துக்கொண்டு போம். சர்க்கரைவள்ளிக்கிழங்கு, நிலக்கடலை போன்று மண்ணுக்குள்ளே காய்த்துப் பருப்பவற்றுக்கு அந்நெகிழ்ந்த மண்ணே உகந்தது.

தென்பாகத்திலோ சுண்ணப்பாறையின் மேற் படிந்த கரிசல் நிலம் உண்டு. அது நனைந்தால் காலைப் பற்றும்; காய்ந்தால் வெடிக்கும். வளத்தில் அதுவே மூன்றினும் மிக்கது. அடிமைமுறை நிலவிய நாளில் செல்வர்தம் பருத்திப் பண்ணைகள் பெரும்பாலும் அந்நிலத்திலேயே அமைந்தன. இவையன்றி, ஓடைக்கரைகளில் வண்டலும், சதுப்புகளில் இலைதழை அழுகிச் செறிந்த கருஞ்சேறும் கிடந்தன. அச்சேற்றைப் பயனற்றது என்று எண்ணி எவரும் தீண்டுவதில்லை. பின்னர்க் கார்வர் கண்ட பெருஞ்செல்வம் அதுவே.

கார்வர் அவ்வூரை அடைந்தபொழுது கண்ட காட்சி இரங்கத்தக்கதாயிருந்தது. எங்கு நோக்கினும் பருத்தியே; வீட்டு வாயிற்படிவரை பருத்தியே. தலைமுறை தலைமுறையாக ஒரே பயிரை இட்டதனால் நிலம் சத்திழந்திருந்தது. பருத்தி வரிசைகளின் இடையே களை எடுத்து மண்ணை வெறுமையாக விடுவதும், வருஷத்துக்கு ஏறத்தாழ 50 அங்குலம் மழை பெய்வதும் சேர்ந்து, மேல்மண் அரித்துச் செல்லப்பட்டு, மாடு விழுந்தாலும் தெரியாத பள்ளங்கள் தோன்றியிருந்தன. உழுவோரிற் பெரும்பாலார் நிலமில்லாத வாரக்குடிகள். விதைக்கும் உணவுக்கும் கடைக்காரரிடமும் நிலக்காரரிடமும் முன்கடன் வாங்கி, விளைந்த பருத்தியை அளந்து கொடுத்தபின்னும் கடன் மிஞ்சும் நிலையில் அவர்கள் இருந்தனர். கடன் கொடுப்போர் பருத்தியையே ஈடாக ஏற்பர்; ஆதலின் வேறு பயிரிட அவர்கட்கு உரிமையில்லை. மக்காச்சோள மாவும், உப்பிட்ட பன்றிக்கொழுப்பும், வெல்லப்பாகுமே நாள்தோறும் உணவு. சத்தற்ற அவ்வுணவால் பெல்லாக்ரா என்னும் நோய் அந்நாட்டில் பரவியது. மண்ணின் வறுமை மனிதர் உடலிலும் ஏறியிருந்தது.

1897-ஆம் ஆண்டில் அலபாமா அரசினர் டஸ்கீகீயில் ஒரு விவசாய ஆராய்ச்சி நிலையம் அமைக்க இசைந்து, ஆண்டொன்றுக்கு 1,500 டாலர் ஒதுக்கினர். கார்வருக்குக் கிடைத்த சோதனை நிலமோ மணலும் பள்ளமும் நிறைந்த வறுநிலம். கருவிகளும் இல்லை. குப்பைமேடுகளில் எறியப்பட்ட புட்டிகளையும் பாத்திரங்களையும் மாணவரைக் கொண்டு பொறுக்குவித்து, அவற்றாலேயே ஆராய்ச்சிச்சாலை அமைத்தார். முதலில் விலைக்கு வாங்கும் உரங்களை இட்டும் பரீட்சித்தார். அவற்றாற் பயனுண்டாயினும், கடனில் மூழ்கிய ஏழை உழவர் அவற்றை வாங்குதல் இயலாது என்பதை விரைவில் உணர்ந்தார். ஆகவே காசு கொடாமற் கிடைப்பவற்றைக் கொண்டே நிலத்தைத் தேற்றும் வழியைத் தேடினார். பிறருக்குச் சொல்லும் மருந்து அவர்கட்கு எட்டுவதாக இருத்தல் வேண்டும் என்பதே அவருடைய கொள்கை.

அவர் கண்ட மருத்துவம் மூவகைத்து. முதலாவது, நிலத்தை ஆழ உழுது, சரிவுகளிற் குறுக்கே வரப்பிட்டு, மண் அரிப்பைத் தடுத்தல். இரண்டாவது, காட்டுச் சருகையும் சதுப்புச் சேற்றையும் தொழு உரத்தோடு சேர்த்து மக்கவைத்து இடுதல். மக்கு என்பது மணலுக்கு நீரைப் பிடிக்கும் ஆற்றலைத் தரும். களிமண்ணுக்கு நெகிழ்ச்சியைத் தரும். இருவேறு நோய்க்கும் ஒரே மருந்தாய் அமைவது அது. மூன்றாவது, பயிர்களை மாற்றி மாற்றி இடுதல். பருத்தி மண்ணிலிருந்து எடுப்பது மிகுதி. திருப்பிக் கொடுப்பது சிறிது. பயறு வகைகளோ வேறு இயல்பின. அவற்றின் வேர்களில் சிறு முடிச்சுகள் உண்டு. அம்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பற்றிப் பயிருக்கு உணவாக்குகின்றன. இவ்வுண்மையை ஜெர்மனி தேசத்து ஹெல்ரீகல் என்னும் அறிஞர் 1886-ஆம் ஆண்டிலேதான் வெளியிட்டிருந்தார். கூடங்களில் விளங்கிய அப்புதிய உண்மையை ஏழைகளின் கொல்லைக்குக் கொண்டுசென்றோருள் கார்வர் தலைசிறந்தவர். காராமணி, பூனைக்காலி, நிலக்கடலை ஆகியவற்றைப் பருத்திக்கு முன்னும் பின்னும் இட்டு, வறண்ட அச்சோதனை நிலத்தின் விளைவை ஆண்டுதோறும் உயர்த்திக் காட்டினார். தேய்ந்த நிலத்தை வளப்படுத்தும் முறைகளைத் தொகுத்து 1905-ஆம் ஆண்டில் ஒரு சிற்றேடாக வெளியிட்டார்.

நிலக்கடலையை அவர் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. தென்னமெரிக்காவிற் பிறந்த அச்செடி ஆப்பிரிக்காவுக்குச் சென்று, ஆங்கிருந்து அடிமைக் கப்பல்களோடு வட அமெரிக்காவை அடைந்தது. பூ மண்ணுக்கு மேலே மலரும். கருவுற்றபின் அதன் அடியிலிருந்து ஊசிபோன்ற காம்பொன்று கீழ்நோக்கி இறங்கி மண்ணைத் துளைத்து, உள்ளே காயாகும். ஆதலின் இறுகிய களிமண்ணில் அது நன்கு காய்ப்பதில்லை. காய்த்ததைப் பிடுங்குதலும் அரிது. நெகிழ்ந்த மணற்பாங்கான நிலமே அதற்குரிய இடம். அத்தகைய வறுநிலத்திலும் விளைந்து, வேரால் மண்ணுக்கும் விதையால் மனிதர்க்கும் கொடியால் கால்நடைக்கும் உணவளிப்பது அது. பெல்லாக்ராவைத் தடுக்கும் சத்தும் அதில் உண்டு என்பதைப் பின்னர்த் தோன்றிய அறிஞர் தெளிவித்தனர். மண்ணுக்கு மருந்தாகும் பயிர் மனிதருக்கும் மருந்தாதலைக் காணுமிடத்து, இவ்விரண்டையும் பிரித்து நோக்குதல் கூடாது என்னும் கார்வரின் கருத்து எத்துணைப் பொருத்தமுடையது என்பது விளங்கும்.

கற்றதைக் கட்டடத்துள் வைத்துப் பூட்டுதல் அவர் இயல்பன்று. எளிய மொழியில் 44 சிற்றேடுகள் வரைந்தார். அவை பயிர்செய்யும் முறையை உழவர்க்கும், அதன் காரணத்தை ஆசிரியர்க்கும், விளைந்ததைச் சமைக்கும் வகையை இல்லத்தரசியர்க்கும் ஒருங்கே கூறுவன. படிக்கத் தெரியாதவரே பலராதலின், 1906-ஆம் ஆண்டில் மாரிஸ் ஜெசப் என்னும் செல்வரின் பொருளுதவியால் ஒரு வண்டி செய்யப்பட்டது. கலப்பையும் விதையும் பால்கடையும் பொறியும் ஏற்றிக்கொண்டு அது ஊரூராகச் சென்றது. பள்ளிக்கு வரமுடியாதவர் வாயிலுக்குப் பள்ளியே சென்றது எனலாம். அவ்வண்டியை நடத்திய தாமஸ் காம்ப்பெல், ஐக்கிய அரசின் விவசாய இலாகாவால் அவ்வாண்டிலேயே நியமிக்கப்பெற்று, அப்பதவி வகித்த முதற் கறுப்பினத்தார் ஆனார்.

கார்வர் மண்ணிற் கண்ட பயன் பயிரோடு நின்றுவிடவில்லை. மேக்கன் வட்டாரத்துக் களிமண்கள் செம்மை, மஞ்சள், வெண்மை எனப் பல நிறத்தன. அவற்றை நீரிற் கரைத்து, மணலைக் கீழே படியவிட்டு, மேலே நிற்கும் நுண்ணிய வண்டலை எடுத்துச் சுவர்க்கு வர்ணமாகப் பூசும் முறையை 1911-ஆம் ஆண்டில் ஒரு சிற்றேட்டில் விளக்கினார். ஓவியராக விரும்பிய அவர் உள்ளம் இங்கே வெளிப்படுகின்றது. நிறமென்பதே அறியாத மரக்குடிசைகள், தம் வாயிலிலுள்ள மண்ணாலேயே அழகு பெற்றன. அவர் தம் வாழ்நாளிற் பெற்ற காப்புரிமைகள் மூன்றே; அவற்றுள் இரண்டு களிமண்ணினின்று வர்ணம் செய்யும் முறைக்கு உரியன என்பது குறிப்பிடத்தக்கது.

1910-ஆம் ஆண்டளவில் பருத்திக்காயைத் துளைக்கும் கூன்வண்டு அலபாமாவினுள் புகுந்தது. பருத்தியை ஒன்றையே நம்பியிருந்த வட்டாரங்கள் நிலைகுலைந்தன. உழவர் பலர் கடலைக்குத் திரும்பினர். கடலையால் நலம்பெற்ற எண்டர்ப்ரைஸ் என்னும் ஊரார், தம்மை வேறு பயிர்க்குத் திருப்பிய அவ்வண்டின் பெயரால் 1919-ஆம் ஆண்டில் ஒரு நினைவுச்சின்னமே எடுத்தனர். கடலையைச் சமைக்கும் 105 வகைகளைக் கூறும் கார்வரின் சிற்றேடு 1916-இல் வெளிவந்தது. 1921-ஆம் ஆண்டில் அந்நியக் கடலைக்கு வரி விதிப்பது குறித்து வாஷிங்டன் நகரிற் கூடிய சட்டசபைக் குழுவினர்முன் அவர் சான்று கூறச் சென்றார். முதலில் பத்து நிமிஷமே கொடுத்தனர். அவர் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டிய கடலைப் பண்டங்களைக் கண்டு வியந்து, காலத்தை மேலும் மேலும் நீட்டினர். அன்றுமுதல் அவர் புகழ் நாடெங்கும் பரவியது. 1923-ஆம் ஆண்டில் ஸ்பிங்கார்ன் பதக்கமும், 1939-இல் ரூஸ்வெல்ட் பதக்கமும் அவருக்கு அளிக்கப்பட்டன.

புகழோடு பொய்யும் வளருதல் உலகியல்பு. கடலை வெண்ணெயைக் கண்டுபிடித்தவர் கார்வரே என்று கூறுவாருளர். அது சரியன்று, கனடா நாட்டவர் ஒருவர் 1884-ஆம் ஆண்டிலேயே கடலை விழுதுக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். கார்வர் கூறிய ஏறத்தாழ 300 கடலைப் பண்டங்களுள் வாணிகத்தில் நிலைபெற்றவை மிகச் சிலவே. இவற்றைக் கூறுதலால் அவர் பெருமை குறைவதாக நாம் எண்ணவில்லை. கட்டுக்கதையை நீக்கிய பின்னர் எஞ்சி நிற்பதே ஒருவருடைய மெய்ப்புகழ். எஞ்சி நிற்பது மண்ணுக்கு அவர் செய்த தொண்டு.

அத்தொண்டுக்கும் ஓர் எல்லை இருந்தது. நிலம் உடையவன் அதனைத் திருத்தினால் பயன் அவனுடையது. வாரக்குடியானவன் சருகு சுமந்து, வரப்பிட்டு, மண்ணை மக்கால் வளப்படுத்தினாலோ, மறுவருஷம் அந்நிலம் வேறொருவன் கைக்குப் போகவும் கூடும். வாரம் உயரவும் கூடும். பருத்தியே வேண்டும் என்னும் நிலக்காரரின் ஆணையைச் சிற்றேடு ஒன்று மாற்ற வல்லதன்று. ஆகவே மண்ணைக் காக்கும் வித்தை எவ்வளவு சிறந்ததாயினும், அம்மண்ணில் உழைப்போனுக்கு உரிமை இல்லாதவிடத்து அது முற்றும் பயன் தருவதில்லை. கார்வர் வாழ்ந்த நாளிலேயே ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தென்னாட்டை விட்டு வடநாட்டு நகரங்களை நோக்கிச் சென்றன. அவருடைய அறிவைக் கேட்டு நலமடைந்தவர் பலராயினும், கேட்டும் செய்ய இயலாதவர் அவரினும் பலர். இக்குறை அவருடையதன்று, அக்காலத்து நீதியின்மையின் குறையே.

எனினும் அவர் விதைத்தது வீண்போகவில்லை. 1935-ஆம் ஆண்டில் ஐக்கிய நாட்டு அரசினர் மண்ணைக் காத்தற்கென்றே ஒரு தனி இலாகாவை நிறுவினர். அவர் ஏம்ஸில் மாணவராயிருந்த காலத்தில், தம் ஆசிரியர் ஒருவரின் சிறுமகனைக் காட்டிற்கு அழைத்துச் சென்று செடிகளைக் காட்டிப் பழக்கியதுண்டு. ஹென்றி வாலஸ் என்னும் அச்சிறுவரே அவ்வாண்டில் விவசாய மந்திரியாக விளங்கினார். பின்னர் உபஜனாதிபதியும் ஆனார். டஸ்கீகீயின் அருகே மிகவும் தேய்ந்து அரித்துப் போயிருந்த ஏறத்தாழ 10,000 ஏக்கர் நிலத்தை அரசினர் 1935 முதல் விலைக்கு வாங்கி, மரம் வளரவிட்டனர். 1959-ஆம் ஆண்டில் அது தேசிய வனமாக அறிவிக்கப்பட்டது. பருத்தியால் பாழ்பட்ட மண்ணை இன்று அவ்வனத்தின் சருகு மூடிப் பேணுகின்றது. காட்டுச் சருகே மண்ணுக்கு மருந்து என்று கார்வர் கூறியதற்கு அவ்வனமே சான்று.

தனி வாழ்வில் அவர் துறவிபோன்றவர். மணம் புரிந்திலர். விடியுமுன் எழுந்து காட்டில் உலாவி, செடியும் மண்ணும் சேகரித்து வருதல் அவர் வழக்கம். பழைய அங்கியே உடை. அதில் அன்றலர்ந்த மலர் ஒன்றே அணி. இயற்கையைக் கடவுள் மனிதரோடு பேசும் வாயிலாக அவர் கருதினார். 1907-ஆம் ஆண்டளவில் மாணவர் சிலர் வேண்ட, ஞாயிறுதோறும் வேதாகம வகுப்பு ஒன்று தொடங்கிப் பல்லாண்டுகள் நடத்திவந்தார். விஞ்ஞானமும் விசுவாசமும் அவர் உள்ளத்தில் பகைத்தில. செலவு செய்யாது மீதமான தம் ஊதியத்தை 1940-ஆம் ஆண்டில் ஆராய்ச்சி நிதியாக நிறுவி, ஏறத்தாழ 60,000 டாலரை அதற்கே உரித்தாக்கினார். 1943-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 5-ஆம் நாள் டஸ்கீகீயிலேயே உயிர் நீத்து, புக்கர் வாஷிங்டனின் கல்லறைக்கு அருகே அடக்கம் செய்யப்பட்டார். அவ்வாண்டிலேயே அவர் பிறந்த பண்ணை தேசிய நினைவிடமாக ஆக்கப்பட்டது. விலைப்பொருளாகப் பிறந்த நிலத்திலேயே, பிறந்தவர் பெயரால் மக்கள் வந்து வணங்கும் நிலை உண்டாயிற்று.

இச்சரித்திரத்தினின்று கலாசாலை மாணவராகிய நாம் கொள்ளத்தக்கது யாது? கல்வி பெற்றவர் நல்ல மண்ணைத் தேடிச் செல்லுதல் இயல்பு. கார்வர் கெட்ட மண்ணைத் தேடிச் சென்றார். ஏனெனில் மருந்து வேண்டியது அங்கேதான். மணலை மணலென்றும் களியைக் களியென்றும் இகழாது, அதனதன் குணமறிந்து, அதற்குரிய பயிரையும் உரத்தையும் ஈந்தார். தம்மிடம் வந்த மாணவரையும் அவ்வாறே நடத்தினார். பயனற்ற மண் என்று ஒன்றில்லை, அறியப்படாத மண்ணே உண்டு என்பது அவர் வாழ்க்கை காட்டும் உண்மை. மக்களுக்கும் அஃது ஒக்கும். பட்டம் பெற்று நாற்றிசையும் செல்லவிருக்கும் நம்மவர், தாம் சென்றடையும் இடம் எத்துணை வறியதாயினும், முதலில் அதன் மண்ணைக் குனிந்து நோக்கக் கற்பாராக.